பக்கவாதத்துக்குப் பிறகு: ரோபோவா, பிசியோவா, வீட்டுப் பயிற்சியா?

அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் குழறுகிறது, கை எழவில்லை, இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்கிறார். இந்த நேரத்தில்தான் குடும்பத்தின் முன்னால் பல வழிகள் ஒன்றாக வந்து நிற்கும். நகரத்தில் ஒரு மையம் ரோபோ பயிற்சி தருகிறது, அதன் காணொளியை உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு பிசியோ கிளினிக் இருக்கிறது. வீட்டுக்கே வந்துபோகும் பிசியோதெரபிஸ்டும் கிடைப்பார். நாமே கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டால் போதாதா என்று இன்னொருவர் கேட்பார். கையில் இருக்கும் பணத்துக்கு எல்லையுண்டு. அதைவிட முக்கியம், முதல் சில மாதங்கள் திரும்ப வராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோபோ நல்லதா, தெரபிஸ்ட் நல்லவரா என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. இன்றைக்கு அவரால் எவ்வளவு அசைக்க முடிகிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அவரே முயன்று பயிற்சி செய்ய முடியும் என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எழுந்து நடக்கவே முடியாதவருக்கு இயந்திரம் உண்மையிலேயே உதவுகிறது. ஓரளவு நடக்கிறவருக்கும் கையில் அசைவு திரும்பத் தொடங்கியவருக்கும் அதே பணத்தை நல்ல தெரபிஸ்டின் கூடுதல் நேரத்துக்குக் கொடுப்பதே மேல். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கைக்கும் காலுக்கும் தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

ரோபோ எதற்காக வந்தது

பக்கவாதத்தில் சேதமடைவது மூளை. கை கால் தசைகள் அப்படியேதான் இருக்கின்றன. மிச்சமிருக்கும் மூளைப் பகுதிகள் இழந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டியது ஒரே அசைவை மறுபடி மறுபடி, முயற்சியோடு செய்வது. விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில் ஒரு நாளைக்குச் சில நூறு தடவை செய்த பிறகே மூளையில் மாற்றம் தெரிந்தது. மனிதர்களுக்கு நடக்கும் சிகிச்சையில் எவ்வளவு செய்கிறோம்? வட அமெரிக்காவில் ஏழு மையங்களில் 312 சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்திலிருந்து கவனித்து எண்ணினார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கைக்கான அமர்வுகளில் சுமார் பாதியில்தான் ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்ற பயன்பாட்டுப் பயிற்சியே நடந்தது. நடந்த இடங்களிலும் சராசரி 32 தடவைதான்.

முப்பத்திரண்டு தடவைக்கும் பல நூறு தடவைக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ரோபோ வந்தது. தெரபிஸ்டுக்கு மேல் அறிவு அதற்கு இருக்கிறது என்பதற்காக அல்ல. அதற்குக் கை வலிக்காது, அடுத்த நோயாளி காத்திருக்கிறாரே என்ற அவசரமும் கிடையாது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் 1989-இல் தொடங்கி உருவாக்கிய எம்.ஐ.டி. மேனஸ் என்ற கை ரோபோதான் இந்தத் துறையின் முன்னோடி. மேசைமேல் ஒரு கைப்பிடி, எதிரே ஒரு திரை. நோயாளி கைப்பிடியைப் பிடித்துத் திரையில் தெரியும் புள்ளியை நோக்கி நகர்த்த வேண்டும். தொழிற்சாலை ரோபோவுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. தொழிற்சாலை ரோபோ விறைப்பாக, குறித்த பாதையில் மட்டும் போகும். குறுக்கே கை வந்தால் நசுக்கிவிடும். மேனஸ் விட்டுக்கொடுக்கும். நீங்கள் தள்ளினால் தள்ளிய பக்கம் போகும், தயங்கினால் மட்டும் மெல்ல இழுத்துக் கொண்டுபோகும். விசைக்கு இணங்கிப்போகும் இந்தக் கட்டுப்பாட்டு முறையை ஹோகன் 1980-களிலேயே வகுத்திருந்தார். மனிதரை மையமாக வைத்த ரோபோ என்று இன்று பேசுகிறோமே, அதன் உயிர் இந்த விட்டுக்கொடுத்தலில்தான் இருக்கிறது. பின்னால் கால் ரோபோவைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

கைக்கு எது?

இங்கே நமக்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. எல்லோருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, கை பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தது. ஒரு குழுவுக்கு மேனஸ் வகை ரோபோ, இன்னொரு குழுவுக்கு அதே அளவு தீவிரமாகத் தெரபிஸ்ட் கொடுத்த பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. பன்னிரண்டு வாரத்தில் 36 அமர்வுகள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது ரோபோ குழு வழக்கமான கவனிப்பைவிடக் கொஞ்சம் முன்னேறியிருந்தது. ஆனால் தீவிரப் பயிற்சி கொடுத்த தெரபிஸ்டை ரோபோ மிஞ்சவில்லை.

அடுத்தது பிரிட்டனில் ராட்டல்ஸ் என்ற பெயரில் நடந்த சோதனை, 2019-இல் வெளியானது. 770 பேர். இதிலும் மூன்று குழுக்கள்: ரோபோ, தெரபிஸ்ட் கொடுத்த கூடுதல் பயிற்சி, வழக்கமான கவனிப்பு. முதல் இரண்டு குழுவுக்கும் வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம், 12 வாரம். கட்டைகளைத் தூக்குவது, தண்ணீர் ஊற்றுவது, கையைத் தலைமேல் கொண்டுபோவது மாதிரியான ஒரு கைத்திறன் தேர்வை வைத்து வெற்றியை அளந்தார்கள். மூன்று மாத முடிவில் ரோபோ குழுவில் 44 சதவீதம், தெரபிஸ்ட் குழுவில் 50 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 42 சதவீதம் பேர் வெற்றி இலக்கைத் தொட்டார்கள். புள்ளியியல்படி இந்த மூன்றுக்கும் இடையே உறுதியான வேறுபாடு இல்லை. செலவுக் கணக்கிலும் ரோபோவுக்குச் சாதகமாக முடிவு வரவில்லை.

ரோபோவும் தெரபிஸ்டும் ஒரு விஷயத்தில் வேறுபட்டார்கள், நான் அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இரண்டு குழுவிலுமே கையின் அசைவு மேம்பட்டது. ஆனால் அந்த மேம்பாடு அன்றாட வேலைகளில் தெரிந்தது தெரபிஸ்ட் குழுவில்தான். அந்தக் குழுவில் நோயாளியே தன் இலக்குகளைச் சொன்னார்: சட்டைப் பொத்தான் போட வேண்டும், டம்ளரைப் பிடிக்க வேண்டும் என்று. பயிற்சியும் அதையொட்டியே நடந்தது. ரோபோ குழுவில் இருந்தவர் திரையில் புள்ளியைத் துரத்தினார், புள்ளியைத் துரத்துவதில் தேர்ந்தார். அந்தத் திறன் சாப்பாட்டு மேசைக்குத் தானாக வந்து சேராது.

ரோபோவுக்குக் கையில் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் என்ற அமைப்பு 45 சோதனைகளைச் சேர்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கை ரோபோ பயிற்சி பெற்றவர்களுக்குக் கையின் செயலும் வலுவும் அன்றாட வேலைத் திறனும் மற்றவர்களைவிட மேம்பட்டதாகத்தான் வந்தது. ஆனால் அந்த மேம்பாடு வாழ்க்கையை மாற்றும் அளவு பெரிதா என்பது கேள்விக்குறி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: சும்மா இருப்பதைவிட ரோபோ நல்லது, அதே நேரத்தை முழுமையாகக் கொடுக்கும் தெரபிஸ்டுக்கு மேல் அது ஒன்றும் தருவதில்லை.

அப்படியென்றால் எப்போது கை ரோபோவுக்குப் பணம் கட்டலாம்? கை கிட்டத்தட்ட அசையாத நிலையில், தோளும் முழங்கையும் லேசாகத் துடிக்கும் அளவுக்கு மட்டுமே வந்திருக்கும்போது. அவரால் டம்ளரைத் தொடக்கூட முடியாது, அதனால் டம்ளரை வைத்துப் பயிற்சி செய்வதும் நடக்காது. தெரபிஸ்ட் ஒரு மணி நேரம் அவர் கையைத் தாங்கிப்பிடித்து நகர்த்திக்கொண்டே இருப்பதும் நடைமுறையில் கஷ்டம். ரோபோ அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு, அவருடைய சின்ன முயற்சியையும் ஓர் அசைவாக மாற்றிக் காட்டும். அப்போதும் பிசியோவோடு சேர்த்துத்தான், பிசியோவுக்குப் பதிலாக அல்ல.

மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு தானே நீட்ட முடிகிறது என்றால் நிலைமை வேறு. அவருக்கு ரோபோவைவிட மலிவான, சான்று வலுவான ஒரு வழி இருக்கிறது. நல்ல கைக்கு ஒரு தடித்த உறையை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பாதிக்கப்பட்ட கையாலேயே எல்லாவற்றையும் செய்யவைப்பது. கூடவே தினமும் சில மணி நேரம் தெரபிஸ்டின் மேற்பார்வையில் பயிற்சி. உளவியலாளர் எட்வர்ட் டாப் உருவாக்கிய முறை இது. 222 பேரை வைத்து நடந்த எக்ஸைட் சோதனை 2006-இல் வெளிவந்தது; இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. எளிதான முறை என்று சொல்ல மாட்டேன். நல்ல கையைக் கட்டிப்போட்டால் கோபம் வரும், அழுகையும் வரும். உறையோடு நடக்கும்போது விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் செலவு என்று பார்த்தால் உறையும் தெரபிஸ்டின் நேரமும்தான்.

கண்ணாடிப் பயிற்சியையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் அசைக்க முயல்வது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் மாய வலிக்காகக் கொண்டுவந்த முறை இது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பு 62 ஆய்வுகளைப் பார்த்து, அசைவும் அன்றாடத் திறனும் மேம்படுவதாகச் சொன்னது. கண்ணாடிக் கடையில் வாங்கும் ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். தெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே தினமும் செய்யலாம். ரோபோ மையத்தின் தொகுப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

சரி, ரோபோ என்றாலே பெரிய இயந்திரம், பெரிய செலவு என்றுதான் இருக்க வேண்டுமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ வேறு வழியில் யோசித்த கருவி. மேசைமேல் வைக்கும் சிறிய பெட்டி, உள்ளே ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டை மடக்க ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, விரல்களைத் திறந்து மூட ஒன்று என்று தனித்தனி இணைப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். திரையில் விளையாட்டு ஓடும். பல மோட்டார்கள் கொண்ட விலை உயர்ந்த இயந்திரம் ஒரு நகரத்தில் ஓர் இடத்தில் இருப்பதைவிட, இப்படிப்பட்ட சிறிய கருவி பல கிளினிக்குகளிலும் வீடுகளிலும் இருந்தால் பயிற்சி நேரம் கூடும் என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம். எனக்கு இந்தத் திசைதான் சரியாகப் படுகிறது. மேலே சொன்னவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் நேரமும் தடவையும்தான் மருந்து என்று எனக்குப் படுகிறது. அந்த மருந்தை மலிவாக, வீட்டருகே கொடுக்கும் ரோபோதான் தெரபிஸ்டுக்கு உண்மையான துணை.

காலுக்கு எது?

காலில் கதை கொஞ்சம் திரும்புகிறது, ரோபோவுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும்.

சுவிட்சர்லாந்தில் ஹோகோமா நிறுவனம் உருவாக்கிய லோகோமேட்டைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து வார்களால் உடலின் எடையைத் தாங்கிக்கொள்ளும், கீழே டிரெட்மில் ஓடும், இரண்டு கால்களிலும் கட்டிய இயந்திரக் கால்கள் இடுப்பையும் முட்டியையும் மடக்கி நீட்டி நடக்கவைக்கும். நிற்கவே முடியாதவர் நடப்பதைப் பார்க்கும்போது குடும்பமே கண்கலங்கும். அந்த உணர்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஏற்கெனவே கொஞ்சம் நடக்கக்கூடியவர்களை வைத்துச் சோதித்தபோது லோகோமேட் பின்தங்கியது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில் 48 பேர், பக்கவாதம் வந்து பல மாதங்கள் கடந்தவர்கள், எல்லோரும் நடப்பவர்கள். தெரபிஸ்ட் கையால் உதவி டிரெட்மில்லில் நடக்கவைத்த குழு ரோபோ குழுவைவிட நடை வேகத்தில் அதிகம் முன்னேறியது. 2009-இல் 63 பேரை வைத்து வந்த இன்னொன்றில், பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் இருந்தவர்கள், மெதுவாக நடக்கக்கூடியவர்கள். அங்கும் வழக்கமான நடைப் பயிற்சிதான் வேகத்திலும் தூரத்திலும் ஜெயித்தது.

ஏன் இப்படி? இயந்திரம் காலைத் தூக்கிப் போட்டுவிட்டால் மூளைக்கு அந்த வேலையில் பங்கு எதற்கு? உடல் தன்னையறியாமல் முயற்சியைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளைக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது பின்சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினால் பிள்ளை ஒருநாளும் சமநிலை கற்றுக்கொள்ளாது. விழப்போகும்போது மட்டும் பிடித்து, மற்ற நேரம் கையை எடுத்துவிட வேண்டும். நல்ல தெரபிஸ்ட் இதை யோசிக்காமலே செய்கிறார். இயந்திரம் செய்ய வேண்டுமானால் நோயாளியின் விசையை நொடிக்கு நொடி அளந்து, தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவ வேண்டும். மேனஸ் தொடக்கத்திலிருந்தே அப்படி. கால் ரோபோக்கள் அங்கே வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. இன்றுள்ள பல இயந்திரங்களில் உதவியைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்குகிறவர் குறைக்கிறாரா என்பதுதான் கேள்வி.

நடக்கவே முடியாதவருக்கு வருவோம். 2020-இல் புதுப்பித்த காக்ரேன் தொகுப்பு 62 சோதனைகளையும் 2,440 பேரையும் பார்த்தது. பிசியோவோடு இயந்திர நடைப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு, பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதிகம் பயன்பெற்றவர்கள் பக்கவாதம் வந்து முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள், அதிலும் இன்னும் நடக்க முடியாதவர்கள். முதல் பத்தியில் சொன்ன அந்த அப்பா இதே வகையில்தான் வருகிறார். நடை வேகத்தில் பெரிய ஆதாயம் இல்லை. ஆனால் தானே எழுந்து கழிப்பறைக்குப் போக முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பக்கவாதம் வந்தவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும்தான் தெரியும். கையில் பணமிருந்து, பக்கத்தில் மையமிருந்தால் இந்த ஒரு நிலையில் தயங்காமல் போகலாம் என்பேன். அவர் நாலு அடி தானாக எடுத்து வைக்கத் தொடங்கிய பிறகு இயந்திரத்தை விட்டுத் தரைக்கு வந்துவிட வேண்டும்.

வீட்டுப் பயிற்சி இந்த வரிசையில் கடைசி என்று நினைக்கிறவர்கள் 2011-இல் வந்த லீப்ஸ் சோதனையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 408 பேர். ஒரு பக்கம் எடையைத் தாங்கும் வார்களோடு டிரெட்மில் பயிற்சி, பக்கவாதம் வந்து இரண்டு மாதத்தில் தொடங்கிய ஒரு குழு, ஆறு மாதத்தில் தொடங்கிய ஒரு குழு. இன்னொரு பக்கம் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கொடுத்த வலுவும் சமநிலையும் சார்ந்த எளிய பயிற்சி. ஓராண்டு முடிவில் மொத்தமாக 52 சதவீதம் பேரின் நடைத்திறன் ஒரு படி உயர்ந்திருந்தது; குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. வீட்டுக் குழுவில் பாதியில் விட்டுப்போனவர்கள் மிகக் குறைவு. நடை மிகவும் மோசமாக இருந்தவர்களில், சீக்கிரமே டிரெட்மில்லில் ஏறியவர்கள் திரும்பத் திரும்ப விழுந்ததும் அதிகம். அந்த வீட்டுப் பயிற்சிக்கும் மையத்துக்கு நிகரான எண்ணிக்கையில் தெரபிஸ்ட் வந்தார், கண்டிப்பாகச் செய்யவைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாமே பார்த்துக்கொண்டால் போதாதா?

இது மனசுக்குக் கஷ்டமான பகுதி. குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே தெரபிஸ்டாக்கினால் என்ன என்று இந்தியாவிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். அட்டெண்ட் என்ற அந்தச் சோதனை 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியானது. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்த்து, குடும்பம் பயிற்சி கொடுத்த குழுவிலும் வழக்கமான கவனிப்புக் குழுவிலும் 47 சதவீதம். குடும்பம் எடுத்த கூடுதல் முயற்சி முடிவை மாற்றவில்லை.

மகளும் மருமகளும் மனைவியும் அன்போடு செய்த உழைப்பு வீண் என்று இதைப் படிக்க எனக்கு மனமில்லை, அப்படிப் படிக்கவும் தேவையில்லை. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவதும், விழுந்த கையை இழுத்துத் தூக்காமல் தோளைக் காப்பதும், வேளைக்கு மாத்திரை கொடுப்பதும் அவர்களால்தான் நடக்கின்றன. ஆனால் தெரபிஸ்டின் இடத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள இந்தச் சோதனை இடம் தரவில்லை. எண்ணெய் தேய்ப்பதும் நீட்டி மடக்கிவிடுவதும் மூட்டு இறுகாமல் இருக்க உதவலாம். நோயாளி சும்மா படுத்திருக்க மற்றவர் அசைக்கும் அசைவு அவர் மூளைக்குப் பாடமாகாது.

பணமில்லாதவர்களுக்கு என்ன வழி? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. பகுதி செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுக்கலாம். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. வேலூரில் பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. தெரபிஸ்ட் வராத நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்கி, அடுத்த முறை வரும்போது எத்தனை தடவை செய்தோம் என்று காட்டுங்கள்.

எக்ஸோஸ்கெலட்டன் வேறு கணக்கு

விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தவர்களின் குடும்பங்களும் இதே காணொளிகளைப் பார்க்கின்றன. அவர்களுக்கான கேள்வி வேறு. பக்கவாதத்தில் ரோபோ பயிற்சிக் கருவி, பலன் வந்ததும் விட்டுவிடலாம். இங்கே எக்ஸோஸ்கெலட்டன் என்பது தினமும் உடலுக்கு வெளியே அணிந்துகொள்ளும் இயந்திரக் கால்.

இஸ்ரேலைச் சேர்ந்த அமித் கோஃபர் 1997-இல் ஒரு விபத்தில் செயலிழந்த பிறகு உருவாக்கியது ரீவாக் என்ற எக்ஸோஸ்கெலட்டன். கைகளும் பாதிக்கப்பட்டிருந்ததால் அவராலேயே அதை அணிய முடியவில்லை, ஏனென்றால் ஊன்றுகோலை ஊன்றக் கைகள் வேண்டும். அமெரிக்க அரசு 2014-இல் அதற்கு அனுமதி தந்தபோதும், பயிற்சி பெற்ற துணையாள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்றது. 2024-இல் அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் திட்டம் அதற்கு நிர்ணயித்த தொகை சுமார் 91,000 டாலர். அதே ஆண்டு வெளியான படைவீரர் சோதனையில் 161 பேரில் ஒரு பகுதியினர் சக்கர நாற்காலியோடு எக்ஸோஸ்கெலட்டனையும் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், மற்றவர்கள் நாற்காலியோடு மட்டும் இருந்தார்கள். மன நலத்திலும், சிறுநீர், மலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்திலும் இரண்டு குழுவுக்கும் வேறுபாடு வரவில்லை.

இதற்குப் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோஃப்ளை சக்கர நாற்காலியை வைத்துப் பாருங்கள். உட்காருபவரின் உடல் அளவுக்கே செய்து தருகிறார்கள். அறிமுகமானபோது விலை சுமார் 40,000 ரூபாய். முன்னால் ஒரு மோட்டார் இணைப்பைப் பூட்டினால் சாலையிலும் போகலாம். வேலைக்குப் போக, கடைக்குப் போக, கூட்டாளிகளைப் பார்க்க இதுதான் உதவும். பாகாயம் மையத்தை நிறுவிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நின்று நடப்பதற்கு ஏங்குவது இயல்பு, மையங்களில் எக்ஸோஸ்கெலட்டனில் நின்று பார்க்கலாம், உடலுக்கும் மனதுக்கும் அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் சொந்தப் பணத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நல்ல நாற்காலியைத்தான் வாங்கச் சொல்வேன். கழிப்பறை வாசலை அகலப்படுத்தவும் சாய்தளம் கட்டவும் மீதிப் பணம் உதவும்.

எப்போது தொடங்குவது, என்ன கேட்பது

பயத்தில் முதல் நாளே எழுப்பி நடக்கவைக்கத் தேவையில்லை. 2,104 பேரை வைத்து நடந்த அவெர்ட் சோதனையில், முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி படுக்கையிலிருந்து எழுப்பிய குழுவின் பலன் வழக்கமான குழுவைவிடக் குறைவாக இருந்தது. கைக்குக் கூடுதலாக 20 மணி நேரப் பயிற்சியை வெவ்வேறு காலத்தில் கொடுத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு மூன்று மாதத்தில் கொடுத்ததே அதிகம் பலித்தது. 72 பேர் மட்டுமே இருந்த சிறிய ஆய்வு அது, இருந்தாலும் திசை தெரிகிறது. கையில் உள்ள பணத்தை முதல் மாதமே கரைத்துவிடாமல் இரண்டாம், மூன்றாம் மாதத்துக்குப் பெரும்பகுதியை வைத்துக்கொள்வது நல்லது.

ஓராண்டு கடந்தவர்கள் மனம் தளர வேண்டாம். லண்டன் குயின் ஸ்கொயரில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி கொடுக்கிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர்கள். 224 பேரின் முடிவுகளைப் பார்த்தபோது கை மேம்பட்டது, ஆறு மாதம் கழித்தும் அந்த மேம்பாடு நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு என்பதால் முழு நம்பிக்கையும் வைக்க முடியாது. ஆனாலும் 90 மணி நேரம் என்ற அளவைக் கவனியுங்கள். பத்து அமர்வு ரோபோ தொகுப்பு அதன் பக்கத்தில்கூட வராது.

மையத்துக்குப் போனால் இயந்திரத்தின் பெயரைக் கேட்டு அசந்துவிடாமல் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு மணி நேர அமர்வில் கட்டி, பூட்டி, கழற்றும் நேரம் போக எவ்வளவு நேரம் பயிற்சி நடக்கும்? உதவியின் அளவை வாரத்துக்கு வாரம் குறைப்பீர்களா, அந்த எண்ணிக்கையை எங்களுக்குக் காட்டுவீர்களா? இயந்திரத்திலிருந்து இறங்கிய பிறகு தரையில் நடக்கவும் டம்ளர் பிடிக்கவும் தெரபிஸ்ட் தனியாக நேரம் தருவாரா? மொத்தத் தொகுப்புக்கும் முன்பணம் கேட்டால், முதலில் நாலைந்து அமர்வுக்கு மட்டும் கட்டுங்கள். தொடங்கும் நாளில், பத்து மீட்டர் தூரம் நடக்க எத்தனை நொடி ஆகிறது, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ எத்தனை பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது, கை எந்த உயரம் வரை எழுகிறது என்பதை நீங்களே ஒரு தாளில் குறித்துவைத்து, அந்த அமர்வுகள் முடிந்ததும் அதே தெரபிஸ்டின் முன்னால் மறுபடி அளந்து பார்த்துவிட்டு மீதிக்குப் பணம் கட்டுவதா என்று முடிவெடுங்கள்.